இரண்டு தாலுகாவுக்கு நடுவில் நின்றுபோன அம்மாவின் உதவித்தொகை: எம்.எல்.ஏ.விடம் போகலாமா?

ஜன்னலோரம் கேட்டது:

அம்மாவுக்கு 57 வயது. அப்பா போன பிறகு ஆதரவற்ற விதவை உதவித்தொகை வாங்கிக்கொண்டிருந்தார். மூன்று வருடம் ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. முட்டிவலியோடு தனியாக விட மனம் வராமல் போன ஜூன் மாதம் எங்கள் தெருவுக்கே கூட்டி வந்துவிட்டேன். என் வீட்டில் இல்லை, இரண்டு வீடு தள்ளி ஓர் அறை வாடகைக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஆதாரில் முகவரி மாற்றினோம், குடும்ப அட்டையிலும் மாற்றினோம். உதவித்தொகையை இந்தத் தாலுகாவுக்கு மாற்றித் தரச் சொல்லிப் பழைய தாலுகா அலுவலகத்தில் மனு கொடுத்தோம். இரண்டும் ஒரே மாவட்டம்தான். ஜூலையிலிருந்து பணம் வரவில்லை.

எட்டு மாதம் ஆகிவிட்டது. மாதம் 1,200 வீதம் 9,600 ரூபாய். அம்மாவின் மாத்திரைச் செலவு முழுக்க அதில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

பழைய அலுவலகத்தில் கேட்டால், ‘அனுப்பிட்டோம்மா, அங்கே போய்க் கேளு’ என்கிறார்கள். புதிய அலுவலகத்தில் கேட்டால், ‘எங்களுக்கு எதுவும் வரலையே’ என்கிறார்கள். ஏழு முறை போயாயிற்று. நான் தையல் வேலை செய்கிறேன், போகிற ஒவ்வொரு நாளும் கூலி கிடையாது. ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்திலும் மனு கொடுத்தேன். அது மேலே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இதே தாலுகா அலுவலகத்தில் வந்து உட்கார்ந்தது. ‘நடவடிக்கையில் உள்ளது’ என்று எஸ்.எம்.எஸ். வந்ததோடு சரி.

பக்கத்து வீட்டு அக்கா, எம்.எல்.ஏ. ஆபீஸில் ஒரு லெட்டர் வாங்கு என்கிறார். எனக்கு அங்கே யாரையும் தெரியாது. நான் அவர் கட்சிக்கு ஓட்டுப் போட்டவளும் இல்லை. அம்மாவின் ஓட்டு இன்னும் பழைய தொகுதியில்தான் இருக்கிறது. அப்படியென்றால் எந்த எம்.எல்.ஏ.? எம்.பி.யிடம் போக வேண்டுமா? இன்னொரு பயமும் இருக்கிறது. ‘மேலே போய்ச் சொன்னியா’ என்று கோபப்பட்டு, வருவதையும் வராமல் செய்துவிடுவார்களோ? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கேள்விக்குறி:

வேஸ்ட். எங்கள் மாமா இதே மாதிரி ஒரு விஷயத்துக்கு மூன்று லெட்டர் வாங்கினார். மூன்றும் பீரோவில் பத்திரமாக இருக்கின்றன. அந்த லெட்டரையும் நாம்தான் சுமந்துகொண்டு போய்க் கொடுக்க வேண்டும். அங்கே வாங்கி வைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். பேசாமல் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போடுங்கள். பத்து ரூபாய்தான்.

பழைய டைப்பிஸ்ட்:

கேள்விக்குறி சொல்வது பாதி சரி. மீதிப் பாதியைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. ஏனென்றால் பீரோவில் தூங்குகிற அந்த மாதிரி லெட்டர்களை 14 வருடம் தட்டியவன் நான். இரண்டு சட்டமன்ற உறுப்பினர்களிடம் வேலை பார்த்தேன். இருவரும் எதிரெதிர்க் கட்சி. லெட்டர்பேடின் நிறம் மாறியதே தவிர உள்ளே இருந்த வாசகம் மாறவில்லை.

அந்த வாசகம் இதுதான்: ‘மனுதாரரின் கோரிக்கையை விதிகளுக்குட்பட்டுப் பரிசீலித்து ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.’ கண்ணை மூடிக்கொண்டு தட்டுவேன். பார்க்க மரியாதையாக இருக்கும். ஆனால் இதில் கேள்வி எங்கே இருக்கிறது? அந்தப் பக்கம் உள்ள உதவியாளர், ‘விதிகளுக்குட்பட்டுப் பரிசீலிக்கப்படும்’ என்று ஒரு வரி எழுதிக் கட்டி வைத்துவிடுவார். கேட்டதற்குப் பதில் சொல்லியாயிற்று அல்லவா! மாமாவின் மூன்று லெட்டரும் இந்த ஜாதியாகத்தான் இருக்கும் என்று பந்தயமே கட்டுவேன்.

ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள், அம்மா. எம்.எல்.ஏ.வால் உதவித்தொகை கொடுக்க முடியாது. ஆணை போடுகிறவர் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர். தொகுதி மேம்பாட்டு நிதி என்று வருடத்துக்கு மூன்று கோடி இருக்கிறதே என்று சிலர் எங்களிடம் வந்து கேட்பார்கள். அது கட்டடம், சாலை போன்ற வேலைகளுக்கு, தனி ஆளின் கையில் கொடுக்க அதில் வழியில்லை. எம்.எல்.ஏ.வின் கடிதத்தால் ஆகக்கூடியது ஒன்றே ஒன்று: நீங்கள் கேட்டால் வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்புகிறவர்களை எழுத்தில் சொல்ல வைக்கலாம். உங்களுக்கு இப்போது அதுதான் தேவை. ‘அனுப்பிட்டோம்’, ‘வரலையே’ இரண்டையும் காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னால் ஒன்று பொய்யாகிவிடும். பொய்யாகப் போகிற பக்கத்தில் உடனே தேட ஆரம்பிப்பார்கள்.

ஆகவே கடிதத்தில் கேட்க வேண்டியது இதுதான். பழைய அலுவலகம் மாற்றக் கோப்பை எந்த ந.க. எண்ணில் (கோப்புக்கு அலுவலகம் போடுகிற எண்), எந்தத் தேதியில் அனுப்பியது? புதிய அலுவலகத்தின் தன்பதிவேட்டில், அதாவது வருகிற தாள்களை உதவியாளர் பதிந்து வைக்கிற பதிவேட்டில், அது எந்தத் தேதியில், எந்த எண்ணில் பதிவானது? பதிவாகவில்லை என்றால் நகல் கோப்பு எப்போது அனுப்பப்படும்? இதற்கு மேல் ஒரு வரி வேண்டாம். முட்டிவலியை எழுதாதீர்கள். மனசு கேட்காது, தெரியும். ஆனால் அதை எழுதினால் பதில் அனுதாபத்தின் பக்கம் போய்விடும், எண்ணின் பக்கம் வராது.

யாருக்கு எழுதுவது என்பதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். ஏதாவது ஒரு தாலுகாவுக்கு எழுதினால் அந்தப் பக்கத்துக் கதை மட்டும்தான் வரும். ஒரே மாவட்டம் என்கிறீர்கள், நல்லதாகப் போயிற்று. ஆட்சியர் அலுவலகத்தில் தனித்துணை ஆட்சியர் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்) என்று ஒருவர் இருப்பார். இரண்டு தனி வட்டாட்சியர்களுக்கும் மேலே இருப்பவர். கடிதம் அவர் பெயருக்குப் போகட்டும், நகல் இரண்டு தாலுகாவுக்கும் போகட்டும். கையில் வாங்கிச் சுமக்காதீர்கள். அலுவலகமே தபாலில் அனுப்பச் சொல்லி, அனுப்புகை எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு வாருங்கள். கையில் கொடுத்தனுப்புகிற லெட்டருக்குப் பெரும்பாலும் அலுவலக நகலே இருக்காது. இரண்டு மாதம் கழித்து நீங்கள் போய்க் கேட்டால் ‘எந்த லெட்டர்?’ என்று நாங்களே கேட்போம். வெட்கம்தான், ஆனால் நடந்தது.

எந்த எம்.எல்.ஏ. என்றால், இப்போது குடியிருக்கிற தொகுதிக்காரரிடமே போங்கள். இனி பணம் போட வேண்டியது இந்தத் தாலுகாதான். வாக்காளர் அட்டையைக் கேட்பார்கள். நாங்களும் கேட்டோம். சட்டம் ஒன்றும் இல்லை, பழக்கம்தான். உங்கள் அட்டையைக் காட்டி, மகள் என்று சொல்லுங்கள். அப்படியே அம்மாவுக்குப் படிவம் 8 போட்டு ஓட்டையும் மாற்றிவிடுங்கள். யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்று எங்கள் அலுவலகத்தில் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பாதிப் பேர் பொய்தான் சொல்லியிருப்பார்கள்.

எம்.பி. வேண்டுமா என்பதற்கு அம்மாவின் உதவித்தொகை ஆணையை எடுத்துப் பாருங்கள். ‘ஆதரவற்ற விதவை’ என்று இருந்தால் அது மாநிலத்தின் பணம், எம்.எல்.ஏ. போதும். ‘இந்திரா காந்தி தேசிய விதவை’ என்று இருந்தால் அதில் 300 ரூபாய் மத்திய அரசின் பங்கு. அந்தத் திட்டத்தை எம்.பி. தலைமையில் கூடுகிற ‘திஷா’ என்ற கண்காணிப்புக் குழுவும் பார்க்கும். 2016-லிருந்து இந்த ஏற்பாடு. தமிழ்நாட்டில் ஒரு எம்.பி. தொகுதிக்குள் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் வரும் என்பதால், உங்கள் பழைய ஊரும் புதிய ஊரும் ஒரே எம்.பி.யின் கீழ் இருக்கவும் வாய்ப்பு உண்டு.

இதையெல்லாம் செய்வதற்கு முன் வங்கிப் புத்தகத்தை இன்றைய தேதி வரை அச்சடித்துப் பாருங்கள். சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு பாட்டிக்கு நான் இரண்டு லெட்டர் தட்டினேன். எட்டு மாதம் பணம் வரவில்லை என்று அழுதார். எங்கள் உறுப்பினர் போனிலேயே அதிகாரியிடம் சத்தம் போட்டார். கடைசியில் பார்த்தால் பணம் மாதாமாதம் போய்க்கொண்டுதான் இருந்திருக்கிறது. பேரன் வேறொரு வங்கியில் பாட்டி பெயரில் கணக்குத் தொடங்கியபோது ஆதார் அங்கே இணைந்துவிட்டது. ஆதார் வழியாக வருகிற பணம் கடைசியாக இணைத்த கணக்கைத்தான் தேடிப் போகும். பேரனுக்கே அது தெரியாது, நல்ல பையன். சத்தம் போட்ட எங்கள் உறுப்பினருக்குத்தான் அடுத்த ஒரு வாரம் அந்த அலுவலகத்துக்குப் போன் செய்ய வாய் வரவில்லை. மை ஆதார் தளத்தில் வங்கி இணைப்பு நிலையைப் பார்த்தால் எந்த வங்கி என்று தெரிந்துவிடும். ஐந்து நிமிட வேலை.

அதிகாரி கோபப்படுவாரா? படுவார். ஆனால் எண்ணோடு, மேலதிகாரி பார்வையில் இருக்கிற கோப்பைக் கோபத்துக்காக ஒளித்து வைக்கிற துணிச்சல் நான் பார்த்தவரை யாருக்கும் இருந்ததில்லை. நீங்கள் செய்யக்கூடாதது ஒன்று உண்டு. எம்.எல்.ஏ.விடம் கொடுக்கிற மனுவில் எந்த ஊழியரின் பெயரையும் எழுதாதீர்கள், யார் மேலும் குற்றம் சொல்லாதீர்கள். சொன்னால் கோப்பைத் தேடுவதை விட்டுவிட்டு விளக்கம் எழுத உட்கார்ந்துவிடுவார்கள்.

ஒரு காசு கொடுக்காதீர்கள். வாசலில் நின்றுகொண்டு ‘நான் வாங்கித் தர்றேன்’ என்பவர் யாராக இருந்தாலும் அவரைத் தாண்டி உள்ளே போங்கள். பைக்குள் ஆணையின் நகல், கடைசியாகப் பணம் வந்த பக்கத்தின் நகல், மாற்ற மனுவின் ஒப்புகைச் சீட்டு, திங்கட்கிழமை மனுவின் எண் இவ்வளவும் இருக்கட்டும். போகிறதானால் சீக்கிரம் போங்கள். தேர்தல் அறிவித்துவிட்டால் எம்.எல்.ஏ. அலுவலகத்தைப் பூட்டிவிடுவார்கள், திங்கட்கிழமைக் கூட்டமும் நின்றுவிடும்.

தகவல் உரிமை மனுவையும் கூடவே போடலாம், அதில் கேள்விக்குறியோடு எனக்குச் சண்டை இல்லை. பதில் தர 30 நாள் அவகாசம். தாலுகா அலுவலகத்துக்கு என்றால் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். ‘ஏன் தாமதம்?’ என்று கேட்காதீர்கள். கோப்பை அனுப்பியதாகச் சொல்கிற மாதத்துத் தன்பதிவேட்டுப் பக்கங்களின் நகல் வேண்டும் என்று கேளுங்கள்.

வரிசையில் 14:

மத்திய அரசு விஷயம் என்றால் கொஞ்சம் வேறு மாதிரி. இதைப் படிக்கிற வேறு யாருக்காவது உதவும் என்று எழுதுகிறேன். என் சித்தப்பாவின் பி.எஃப். பென்ஷன் விண்ணப்பம் நின்றதற்குக் காரணம், அவர் வேலை பார்த்த பழைய கம்பெனி அவர் விலகிய தேதியைப் பதிவு செய்யாமல் விட்டதுதான். எம்.பி. அலுவலகத்தில் முதலில் கேட்டது, ‘சி.பி.கிராம்ஸில் புகார் போட்டாச்சா?’ என்றுதான். மத்திய அரசின் குறைதீர்ப்புத் தளம் அது. 2024-லிருந்து 21 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். அந்தப் புகார் எண்ணை மேலே போட்டுத்தான் கடிதம் தட்டினார்கள். எம்.பி. எழுதுகிற கடிதத்துக்கு 15 நாளில் ஒப்புகை, அதற்கடுத்த 15 நாளில் பதில் என்று மத்திய அலுவலக நடைமுறையிலேயே இருக்கிறதாம். எங்களுக்குக் கிட்டத்தட்ட அப்படித்தான் வந்தது.

இன்னொன்று. பி.எஃப். பென்ஷனுக்கான 1995-ஆம் வருட ஓய்வூதியத் திட்ட விதியிலேயே, எல்லாத் தாளும் சரியாக உள்ள விண்ணப்பத்தை 20 நாளில் முடிக்க வேண்டும், தக்க காரணம் இல்லாமல் தாண்டினால் பி.எஃப். ஆணையரிடமிருந்து 12 சதவீத வட்டி பிடிக்கலாம் என்று இருக்கிறது. சித்தப்பா அதைக் கடிதத்தில் எழுதியே தீருவேன் என்றார். எங்கள் தாள் சரியாக இல்லாதபோது அதைச் சொல்வது அசிங்கம் என்று நான்தான் தடுத்தேன்.

ஜன்னலோரம்:

பழைய டைப்பிஸ்ட் ஐயா, ரொம்ப நன்றி. ஆணையில் ‘ஆதரவற்ற விதவை’ என்றுதான் இருக்கிறது. வங்கிப் புத்தகம் அச்சடித்தேன், ஜூனுக்குப் பிறகு ஒன்றும் இல்லை. ஆதாரும் அதே கணக்கில்தான் இருக்கிறது.

ஒரு சந்தேகம். புதிய ஊர் கிராம நிர்வாக அலுவலர் ஒருமுறை, ‘பக்கத்திலேயே பொண்ணு இருக்கியே, அப்புறம் எப்படி ஆதரவற்றவங்க?’ என்று கேட்டார். லெட்டர் கொடுத்தால் இதைக் கிளறி மொத்தமாக ரத்து செய்துவிடுவார்களோ?

பழைய டைப்பிஸ்ட்:

கிளறத்தான் செய்வார்கள். லெட்டர் இல்லாவிட்டாலும், இடம் மாறினால் புதிய இடத்தில் கள விசாரணை உண்டு. அதற்குப் பயந்து இருக்கிறதை மறைக்காதீர்கள். மகள் வேறு ஊரில் இருக்கிறாள் என்று சொல்லி வைத்து, அடுத்த தெருக்காரர் வேறு மாதிரி சொல்லிவிட்டால் அப்புறம் எதையும் நம்ப மாட்டார்கள். அம்மா தனிக் குடும்ப அட்டையில் இருக்கிறாரா, வாடகை யார் கொடுக்கிறார்கள், உங்கள் கூலி எவ்வளவு, எல்லாவற்றையும் உள்ளபடி சொல்லுங்கள். அட்டையில் அவர் பெயரை உங்கள் குடும்பத்தோடு சேர்த்திருக்கிறீர்களா என்பதுதான் முதலில் பார்க்கப்படும். ஒருவேளை தகுதியில்லை என்று முடிவெடுத்தால், அதைக் காரணத்தோடு எழுத்தில் தரச் சொல்லுங்கள். காரணம் எழுத்தில் இருந்தால்தான் அதற்கு மேலே போய் முறையிட முடியும். இப்போது உங்களிடம் இருப்பது வெறும் ‘வரலையே’. அதை எதிர்த்து எங்கே போய் முறையிடுவீர்கள்?

ஜன்னலோரம், ஐந்து வாரம் கழித்து:

வந்து சொல்லாமல் விட்டால் சரியாக இருக்காது.

அம்மாவுக்குத் தனி அட்டைதான், அதனால் தைரியமாகப் போனேன். எம்.எல்.ஏ. இல்லை, சென்னையில் இருந்தார். உதவியாளர் ஒரு தம்பி, என்னை உட்காரச் சொல்லிவிட்டு உடனே தட்ட ஆரம்பித்தார். எட்டிப் பார்த்தேன். ‘பரிசீலித்து ஆவன செய்யுமாறு’ என்று வந்துகொண்டிருந்தது. ஐயா சொன்னது நினைவுக்கு வந்து சிரிப்பை அடக்க முடியவில்லை. ‘தம்பி, அதற்குப் பதிலாக இந்த மூன்று கேள்வியைப் போட முடியுமா?’ என்று எழுதி வைத்திருந்த தாளைக் கொடுத்தேன். படித்துவிட்டு, ‘யாருக்கா சொல்லிக் கொடுத்தது?’ என்றார். போட்டுக் கொடுத்தார். அனுப்புகை எண்ணை நான் கேட்காமலே தாளின் ஓரத்தில் எழுதித் தந்தார்.

19-ஆம் நாள் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. கோப்பு ஆகஸ்டிலேயே புதிய தாலுகாவுக்கு வந்துவிட்டதாம். எங்கள் கிராமத்தின் பெயரிலேயே இதே தாலுகாவில் இன்னொரு கிராமம் இருக்கிறது, அந்த ஊர்க் கோப்புகளோடு சேர்த்துவிட்டார்களாம். அந்த ஊர் கிராம நிர்வாக அலுவலர், ‘இப்படி ஒருவர் இங்கே இல்லை’ என்று எழுதி வைத்திருக்கிறார். அவர் மேல் என்ன தப்பு, உண்மையாகவே இல்லையே! ஆக, அனுப்பினோம் என்றவர்கள் சொன்னதும் நிஜம், வரவில்லை என்றவர்களும் பொய் சொல்லவில்லை.

எங்கள் கிராம நிர்வாக அலுவலர் அம்மாவின் அறைக்கே வந்து பார்த்தார். என் கூலி வரை கேட்டு எழுதிக்கொண்டார், உள்ளதைச் சொன்னேன். போன வாரம் ஆணை வந்தது. இந்த மாதம் 1,200 வந்துவிட்டது. பழைய 9,600-ஐப் பற்றி ஆணையில் ஒரு சொல்லும் இல்லை. நிலுவைக்குத் தனி மனு எழுதித் தபாலில் போட்டிருக்கிறேன், முதல் வரியிலேயே எண். இதற்கும் அந்தத் தம்பியிடம் போக வேண்டும் போலிருக்கிறது.

கேள்விக்குறி அண்ணா, மாமாவின் பீரோவைத் திறந்து பார்த்தீர்களா?

கேள்விக்குறி:

பார்த்தேன். மூன்றிலும் ‘ஆவன செய்யுமாறு’. ஒன்றில் மட்டும் ‘விரைந்து’ என்று கூடுதலாக இருக்கிறது.